நான்கு கற்களுக்குள் வெள்ளியங்கிரி

மகிழ நகர் ஏழாம் நம்பர் வீட்டு வெள்ளியங்கிரி, தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை பத்தரை மணிக்கு, தன் புழக்கடையோடு சேர்ந்து தானும் விற்றுப்போனார். அப்போது எல்லோரும் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் யாரும் அதை உடனே கவனிக்கவில்லை.

கோயம்புத்தூருக்கு மேற்கே, மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தது அந்த நகர். வீட்டுக்குப் பதினாலு சென்ட். முன்னால் ஏழில் வீடு, பின்னால் ஏழில் மாவும் பலாவும் சப்போட்டாவும், மதில்மேல் ஏறி நின்று ஊரையே அதட்டும் மயில்களும் என்று ஐம்பது வருஷமாக இருந்துவந்த இடம். சாயங்காலம் நாலு மணிக்கே தெருவிளக்குப் போட வேண்டிய அளவுக்கு அங்கே நிழல் இருந்தது. பிறகு பில்டர்கள் வந்தார்கள். முதலில் இரண்டாம் நம்பர்க்காரர் புழக்கடையைப் பிரித்து விற்றார், அடுத்து மூன்று, அடுத்து ஒன்பது. இப்படியே இருபத்திரண்டு வீட்டில் பதினொன்று பாதியாகிப்போனது. குடியிருப்போர் சங்கம் ஞாயிறுதோறும் கூடிக் கவலைப்பட்டது. வண்டிகளை எங்கே நிறுத்துவது, சாக்கடைத் தண்ணீர் எங்கே போகும், போர்த் தண்ணீர் எத்தனை நாளைக்கு வரும், மாடியில் வரப்போகிறவன் யார் வீட்டுக் குளியலறையை எட்டிப்பார்ப்பான் என்று எல்லாமே நியாயமான கவலைகள்தான். செயலாளர் உமாபதி அவற்றை வரிசைப்படுத்தி மனுவாக எழுதி ஆபீஸ் ஆபீஸாக அனுப்பினார். அனுப்பிய கையோடு தன் வீட்டுப் புழக்கடையையும் பிரித்து விற்றார்.

ஏழாம் நம்பரில் விற்க வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றது வெள்ளியங்கிரி இல்லை, அவர் மனைவி நாகமணி. தினம் இரண்டு கூடை சருகு கூட்டிக் கூட்டி இடுப்பு போய்விட்டது, போன ஆடியில் துவைக்கிற கல்லடியில் ஒரு பாம்புச்சட்டை கிடந்தது, எல்லாருமே விற்றாகிவிட்டது, நாம் மட்டும் காட்டைக் கட்டிக்கொண்டு அழவேண்டுமா என்று ஒரு வருஷம் கேட்டாள். மில்லில் டைம்கீப்பராக இருந்து ரிட்டையரான வெள்ளியங்கிரி ஒரு வருஷமும் ஒன்றும் சொல்லாமல் இருந்து, கடைசியில், "உன்ற இஷ்டம் அம்மணி" என்றார். முப்பத்திநாலு வருஷக் குடித்தனத்தில் அவர் அதிகம் பேசிய வாக்கியம் அதுதான்.

மனையைப் பிரிக்கும்போது அந்த நகரில் ஒரு வழக்கம் இருந்தது. சர்வேயர் நாலு மூலைக்கும் கல் நட்டு முடிக்கிற வரைக்கும், விற்கிறவர் தாம்பாளத்தில் தேங்காயும் எரிகிற கற்பூரமும் வைத்துக்கொண்டு மலையைப் பார்த்து நிற்கவேண்டும். கோட்டுக்கு வெளியே நின்றுதான் எல்லோரும் அதைச் செய்தார்கள். அன்றைக்கு வாளையார்க் கணவாய்ப் பக்கமிருந்து காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. கற்பூரம் மூன்று தடவை அணைந்துபோய், நாகமணிக்கு அபசகுனமாகப் பட்டு, "ஏனுங்க, அங்க நின்னுட்டு என்ன பண்றீங்க? உள்ள போயி அந்த மாமரத்து மறைவுல நில்லுங்க" என்று விரட்டினாள். அவரும் போய் நின்றார். நாலாவது கல் இறங்கியது. பத்திரத்தில், இந்த நான்கு எல்லைக்குள் அடங்கிய மண், மரம், கிணறு, புதையல் முதலான சகலமும் வாங்குபவரைச் சேரும் என்று, எல்லாப் பத்திரத்திலும் எழுதுவதுபோல எழுதியிருந்தது.

கேசரி சாப்பிட வெள்ளியங்கிரி நடந்துவந்தார். கோட்டருகே வந்ததும் காலைத் தூக்கி வைத்தார், கால் தூக்கின இடத்திலேயே இறங்கியது. இன்னொரு முறை வைத்தார். மூன்றாவது முறை கொஞ்சம் ஓடிவந்து வைத்தார். வலியில்லை, தடுப்பில்லை, கண்ணாடி மாதிரி எதுவும் முகத்தில் இடிக்கவில்லை. அந்தப் பக்கம் போகவில்லை, அவ்வளவுதான்.

"கேசரி ஆறுதுங்க."

"வர முடியல, நாகு."

"ஏன், இடுப்புப் புடிச்சுக்கிச்சா?"

"இல்ல. வர முடியல."

நாகமணி உள்ளே போய் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வந்த பிறகு பார்த்தால் அவள் கை மட்டும் வெறுமையாக இருந்தது, அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்த அந்தப் பயம் பிறகு எழுந்து போகவேயில்லை.

கல்லைப் பிடுங்கிப் பார்த்தார்கள். பிடுங்கின குழியைத் தாண்டியும் அவரால் வரமுடியவில்லை. சர்வேயர் மாரிச்சாமி கல்லை மறுபடி நட்டுவிட்டு, "கல்லு சும்மா அடையாளத்துக்குங்க. கோடு பேப்பர்லதான் இருக்குது" என்றார். திருப்பி வாங்கிக்கொண்டால் சரியாகுமா என்று நாகமணி கேட்டாள். "வாங்கினாலும் சர்வே நம்பர் தனி நம்பர்தானுங்களே. நானும் பதினெட்டு வருஷமா சங்கிலி புடிக்கறேன், பிரிச்சுக் குடுன்னுதான் மனு வந்திருக்குது. ஒண்ணாச் சேர்த்துக் குடுன்னு ஒருத்தரும் வந்ததில்லீங்க." தன் பங்குக் கேசரியை அவர் இலையில் மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

மனையை வாங்கிய பில்டர் ரத்தினசபாபதி நல்ல மாதிரி மனுஷர். குரலை உயர்த்தமாட்டார், வரும்போதெல்லாம் மைசூர்பாகு வாங்கிவருவார். அவர் வெள்ளியங்கிரியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, பத்திரத்தையும் படித்துப் பார்த்துவிட்டு, "சகலமும்னுதான் போட்டிருக்குது. சரி, அவருபாட்டுக்கு இருக்கட்டுங்க" என்றார். மாமரத்தடியில் தகரக் கொட்டகை ஒன்று போட்டுக்கொடுத்தார். நல்லவேளையாக அந்தக் காலத்தில் கக்கூசைப் புழக்கடை மூலையில்தான் கட்டியிருந்தார்கள். நாகமணி மூன்று வேளையும் சாப்பாடு எடுத்துப்போனாள், துணி எடுத்துப்போனாள், பேப்பர் எடுத்துப்போனாள். வெளியிலிருந்து போகிற எதுவும், அவள் உட்பட, போகவும் வரவும் முடிந்தது. கல் இறங்குகிற நேரத்தில் உள்ளே இருந்ததுதான் உள்ளேயே இருந்தது.

மகிழ நகர் இதை ஒரு வாரத்தில் சீரணித்துவிட்டது. ஒன்பதாம் நம்பர் லோகாம்பாளுக்கு, விற்ற புழக்கடையை விட்டு மூன்று மாதமாக நகராத தன் நாய் டைகரின் ஞாபகம் வந்தது. விசுவாசத்தில் படுத்துக்கிடக்கிறது என்று இத்தனை நாள் ஊரெல்லாம் பெருமை பேசியவள், இப்போது வாயைப் பொத்திக்கொண்டாள். மற்றவர்களும் அவரவர் புழக்கடையில் எதை விட்டோம் என்று யோசித்தார்கள். ஒருவர் வீட்டில் இரண்டு அணில், ஒருவர் வீட்டில் கொடியில் கிடந்த வேட்டி, உமாபதி வீட்டில் அவர் நாலாவது கல் இறங்கும்போது விட்ட ஏப்பம் ஒன்று. அதற்காக யாரும் மனை பிரிப்பதை நிறுத்தவில்லை. நடும் முன் ஒருமுறை உள்ளே நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள், குழந்தைகளை எண்ணிக்கொண்டார்கள். சங்கக் கூட்டத்தில் வெள்ளியங்கிரி விஷயம் 'இதர' என்ற தலைப்பில், சாக்கடைக்கும் பார்க்கிங்குக்கும் பின்னால், ஏழாவதாக வந்தது. ஆறாவதிலேயே காபி வந்துவிட்டது. துபாயிலிருந்த மகள் வீடியோவில் பார்த்து, "அப்பாவுக்கு எப்பவும் இந்தப் பிடிவாதந்தாம்மா" என்றாள்.

வெள்ளியங்கிரி மட்டும் பயந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. மில்லில் இருந்தபோதும் இப்படித்தான், சங்கு ஊதுகிறவரைக்கும் கேட்டைத் தாண்டக் கூடாது, அதற்கு இது தேவலை, மாமரம் இருக்கிறது என்றார். தினம் நாகமணி கொட்டகையில் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். நான்தான் உள்ளே போய் நிற்கச் சொன்னேன் என்று அவள் ஆரம்பித்தால், "கம்முன்னு சாப்புடு" என்பார். அவர் இப்போதுதான் நிறையப் பேசவும் ஆரம்பித்திருந்தார். மில்லில் தறி நின்ற கதை, ஐப்பசியில் பெண் பார்க்க வந்த கதை, அவள் அன்றைக்குக் கட்டியிருந்த சேலையின் கரை என்று, முப்பத்திநாலு வருஷமாக எங்கேயோ அடைத்துக் கிடந்ததெல்லாம் வந்தது. அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தால் அவளுக்குப் பயம் கொஞ்சம் தள்ளி உட்காரும். சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டினால் மறுபடி பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும்.

சித்திரையில் ஒன்பதாம் நம்பர்ப் புழக்கடையை வாங்கியவர் அதை மறுபடி இரண்டாகப் பிரித்தார். நடுவில் ஒரு கோடு, கோட்டின் இரண்டு முனையிலும் இரண்டு கல். நாய் கிழக்குப் பாதியில், முருங்கை நிழலில் படுத்திருந்தது. கல் இறங்கிய சத்தத்தில் எழுந்து வாயைத் திறந்து குரைத்தது. குரைப்பு மேற்குப் பாதியில், ஒன்றுமில்லாத வெறும் மண்ணிலிருந்து வந்தது.

எல்லோரும் வேலியோரம் நின்று பார்த்தார்கள். நாய் கழுத்தை நீட்டி வாயைத் திறந்து திறந்து மூடியது, சின்னச் சத்தம்கூட அங்கே இல்லை. இருபதடி தள்ளி, வெயிலில் காய்கிற மண்மேல், ஆளில்லாத குரைப்பு ஒன்று முட்டி மோதி அலைந்தது. அது கோபத்தில் குரைக்கிற மாதிரி இல்லை. இருட்டில் கட்டிப்போட்ட நாய் குரைக்கிற மாதிரி இருந்தது. பிள்ளைகள் முதலில் அழுதார்கள், அப்புறம் குரைப்புக்கு பிஸ்கட் போட்டார்கள். பத்து நாளில் அதுவும் பழகிவிட்டது. கூரியர்காரனுக்கு வழி சொல்லும்போது, "நாய்க்கு அடுத்த வீடில்ல, குரைப்புக்கு அடுத்த வீடு" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். நாகமணியால் மட்டும் அந்த வழியாகப் பால் வாங்கப் போக முடியவில்லை. இரண்டு தெரு சுற்றிப் போனாள்.

வைகாசி முதல் வாரம் ரத்தினசபாபதி மைசூர்பாகோடு வந்தார்.

"ஏழு சென்ட் இப்பப் போக மாட்டேங்குதுங்க. மூணரை மூணரையா ரெண்டு பார்ட்டி கேட்டிருக்காங்க. வர்ற புதன்கிழமை சர்வேயர் வர்றாரு."

நாகமணி டப்பாவைக் கையில் வாங்கவில்லை. "ஒன்பதாம் நம்பர்ல அந்த நாயிக்கு என்ன ஆச்சுன்னு தெரியுமுங்களா?"

"கேள்விப்பட்டனுங்க."

"தெரிஞ்சுமா பிரிக்கறீங்க?"

அவர் நிஜமாகவே சங்கடப்பட்டார். துண்டால் முகத்தைத் துடைத்தார். "அக்ரிமெண்ட் போட்டாச்சுங்கம்மா. ரெண்டு பார்ட்டியும் கிரகப்பிரவேசத்துக்கு நாள் பாத்துட்டாங்க. அதுவுமில்லாம, நாயிக்கு ஆனது மனுசனுக்கும் ஆகணும்னு என்ன இருக்குது?"

"ஆகாதுன்னு என்ன இருக்குதுங்க?"

இந்த வீட்டையும் சேர்த்து எழுதித் தருகிறேன், பிரிக்காமல் விட்டுவிடுங்கள் என்று நாகமணி சொன்னபோது அவர் இரண்டு காதையும் தொட்டுக்கொண்டு, "பெரியவங்க வீட்டை வாங்கின பாவம் எனக்கு வேண்டாமுங்க" என்றார். டப்பாவைப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவள் சங்கத்துக்குப் போனாள். உமாபதி அன்போடு உட்காரவைத்து, தன் மனுக்கட்டைப் பிரித்துக் காட்டினார். மூணரை சென்டில் வீடு கட்டினால் மழைத்தண்ணீர் இறங்க இடமிருக்காது என்று நாலு பக்கம் எழுதியிருந்தார், அருமையாக எழுதியிருந்தார். "இதுல இவரையும் ஒரு வரி சேர்த்துடலாம்மா, வாயுள்ள பிராணின்னு" என்றார். சுற்றி இருந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். புதன்கிழமை அவரை எந்தப் பக்கம் நிற்கவைப்பது நல்லது என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள். கக்கூஸ் இருக்கிற தெற்குப் பாதிதான் சரி என்பதில் கடைசியில் எல்லோரும் ஒத்துப்போனார்கள். பிரிப்பதை நிறுத்தலாம் என்று யாரும் சொல்லவில்லை. அவரவர் மனையும் ஏற்கெனவே பாதி, நாளைக்கு அதுவும் பாதியாகலாம், வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வானேன் என்பது எல்லார் முகத்திலும் இருந்தது. அவர்களும் பயந்துதான் இருந்தார்கள், பாவம்.

திங்களும் செவ்வாயும் நாகமணி ஒரு வேலையும் செய்யவில்லை. ஒன்பதாம் நம்பர் வேலியோரம் போய் நின்றாள். நகராமல் நின்று பார்த்தாள். நாய் நின்ற பாதியில் நாய், நிற்காத பாதியில் குரைப்பு. நாய்க்காவது சோறுண்டு, நிழலுண்டு, லோகாம்பாள் வந்து தடவிக்கொடுக்கிறாள். குரைப்புக்கு யாருமில்லை. புதிதாக வரப்போகிறவர்கள் டைல்ஸ் ஒட்டி, கட்டில் போட்டு, டிவியைச் சத்தமாக வைத்துக்கொள்வார்கள். மாமரத்தடியில் இப்போதுதான் வாயைத் திறந்த அந்தக் குரல், கேட்க ஒரு காதில்லாமல் யாரோ வீட்டுச் சுவருக்குள் நாகு நாகு என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கும் என்று நினைத்தாள். பிறகு வேலியை விட்டு நகர்ந்தாள். வீட்டுச் சாவியை லோகாம்பாளிடம் கொடுத்தாள்.

"எங்கயாச்சும் போறியாக்கா?"

"பக்கத்துலதான். நாளையிலிருந்து அவருக்கு மூணு வேளையும் நீதான் சோறு குடுக்கோணும். ரசத்துல மிளகு கம்மியாப் போடு."

புதன்கிழமை பத்து மணிக்கு மாரிச்சாமி வந்தார். வெள்ளியங்கிரி குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, தெற்குப் பாதியில் மாமரத்தடியில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நெற்றியில் திருநீறு பூசியிருந்தார், அது வேர்வையில் கரைந்துகொண்டிருந்தது. வேலிக்கு வெளியே மகிழ நகர் முழுக்க நின்றது. இம்முறை கேசரி யாரும் கிண்டவில்லை.

"நீ வீட்டுக்குள்ள போயிரு நாகு. பாக்க வேண்டாம்" என்றார் வெள்ளியங்கிரி.

"சரிங்க" என்றாள்.

வடக்குப் பாதி மொட்டையாகக் கிடந்தது. இருந்த சப்போட்டாவையும் போன மாதமே வெட்டிவிட்டார்கள். மாரிச்சாமி டேப்பை இழுத்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, கோட்டின் மேற்கு முனையில் முதல் கல்லை இறக்கினார். சம்மட்டிச் சத்தம் ஒவ்வொன்றுக்கும் வெள்ளியங்கிரியின் தோள் தூக்கிப்போட்டது. இரண்டாவது கல்லைக் கிழக்கு முனைக் குழியில் நிறுத்தி, எல்லைக்கு வெளியே நின்று சம்மட்டியை ஓங்கினார்.

அப்போது நாகமணி வேலிக்கதவைத் திறந்துகொண்டு, கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போகிறவள் போல, நிதானமாக நடந்து வடக்குப் பாதியின் நடுவில் போய் நின்றாள். அவள் ஒன்றும் தைரியசாலி இல்லை. வெளியே ஓடிவிடு என்று உடம்பு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. கால் விரலை மண்ணுக்குள் அழுத்திக்கொண்டு நின்றாள்.

மாரிச்சாமிக்கு அவள் முதுகுப்பக்கம் இருந்தாள். லோகாம்பாள் வேலியோரத்திலிருந்து கத்தினாள். வெள்ளியங்கிரி முக்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து ஓடிவந்தார், சுண்ணாம்புக் கோட்டை அவர் இன்னும் எட்டவில்லை.

"நாகு" என்று அலறினார் தெற்கேயிருந்து.

சம்மட்டி விழுந்தது.

"வெளிய போயிரு!" அலறலின் மிச்சம் அவள் காதோரத்தில் கேட்டது.

மாரிச்சாமி திரும்பிப் பார்த்து சம்மட்டியைக் கீழே போட்டார். நாகமணி கோட்டருகே போய் ஒருமுறை தாண்டக் காலைத் தூக்கிவைத்துப் பார்த்தாள். கால் தூக்கின இடத்திலேயே இறங்கியது. அவர் தை மாதத்தில் அகப்பட்டதுபோல, புதிதாக, முழுசாக அகப்பட்டிருந்தாள். சரி என்று தலையை ஆட்டிக்கொண்டாள்.

கோட்டுக்கு அந்தப் பக்கம், ஆறடி தூரத்தில், வெள்ளியங்கிரி அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாய் அசைந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, சத்தம் இல்லை. சத்தமெல்லாம் இங்கே அவளைச் சுற்றி வந்தது. ஒரு தரம் முதுகுக்குப் பின்னால், ஒரு தரம் தலைக்கு மேல், ஒரு தரம் மண்ணோடு மண்ணாகக் காலடியில், எதிலேயோ முட்டிக்கொண்டு அலைந்தது.

"நாகு? நாகு? அடிப் பாவி, உள்ளயா இருக்கற? ஏன்டி இப்புடிப் பண்ணுன?"

"பேச்சுத்துணைக்கு ஆள் வேண்டாமுங்களா" என்றாள்.

குரல், முப்பத்திநாலு வருஷத்தில் ஒருநாளும் அவர் பேசாத மாதிரி, மிகச் சின்னதாக வந்தது.

"பயமா இருக்குது நாகு. ஒண்ணுமே கண்ணுக்குத் தெரியலயே. நானு எங்கடி இருக்கறேன்?"

அவள் கோட்டுக்கு அந்தப் பக்கம் அழுதுகொண்டிருந்த அந்தக் கண்களைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, இந்தப் பக்கம் பதில் சொன்னாள்.

"என்ற பக்கத்துல இருக்கறீங்க."